வரைபடத்தில் ஒரு வளைவு

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக நானும் கணவரும் கோவையிலிருந்து வெள்ளகோவில் பக்கம் போய், உறவினரின் தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தோம். பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் பைத்தான் என்ற நிரல்மொழியில் அமைந்த ஒரு வரைபட மென்பொருளுக்கு, ஓய்வு நேரத்தில் யூனிட் டெஸ்ட் எழுதிக் கொடுப்பேன். மென்பொருளின் ஒவ்வொரு சிறு பகுதியும் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அப்போது என் கையில் இருந்தது, ஒருவர் நடந்த பாதையைக் கோடாக வரையும் பகுதி.

நானே நடந்து ஒரு பாதையைப் பதிவு செய்யலாமே என்று, விடிந்ததும் செல்போனில் ஜி.பி.எஸ்.ஸை ஓடவிட்டுக் கிளம்பினேன். நல்ல பனிமூட்டம். ஒற்றையடித் தடம் நேராகப் போவதாகத்தான் எனக்குப் பட்டது. கண் திரையிலேயே இருக்க, கால் போன போக்கில் மெயின் ரோடு வரை போய்விட்டேன்.

நேர்கோடுதான் விடை என்று டெஸ்ட் எழுதினேன். ஃபெயில். கோட்டின் நடுவில் அரைவட்டமாக ஒரு வளைவு. மென்பொருளில் பிழை என்று, நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "ஜி.பி.எஸ். பிழை என்றால் புள்ளிகள் சிதறியிருக்கும். நீங்கள் எதையோ சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது.

எதைச் சுற்றினேன்? எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் கணவரோடு போனேன். வளைவு தொடங்கும் இடத்தில், காலடியிலேயே கிணறு. பாறையில் வெட்டியது, சுற்றுச்சுவர் இல்லை. ஆழத்தில் கறுப்பாகத் தண்ணீர். விளிம்பை ஒட்டியே என் செருப்பு அச்சுகள். ஒன்றில் பாதி இல்லை. அங்கே மண் உள்ளே சரிந்திருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நேத்துப் பனிக்குள்ள போன அம்மணி நீங்கதானுங்களா? நான் கெணத்துக்கு எதிர்க்கரையில நின்னுட்டிருந்தேனுங்க."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமுங்களே?" என்றார் கணவர்.

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க. கூப்புட்டா திடுக்குனு திரும்புவாங்க, கால் வழுக்கிப்போடும்னு மூச்சைப் புடிச்சுட்டு நின்னேன். நீங்க தாண்டிப் போனப்புறம் அப்படியே உக்காந்துட்டேனுங்க."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

டெஸ்ட்டின் விடையில் அந்த வளைவைச் சேர்த்தேன், பாஸ் ஆனது. என் கண்ணில் படாமல் எத்தனை பேர் இப்படி மூச்சைப் பிடித்து நின்று என்னைக் கடந்துபோக விட்டிருப்பார்களோ என்று, தனியாக நடக்கும்போதெல்லாம் இப்போது தோன்றுகிறது.