பாத்தியில் கிடந்த வெளிச்சம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேலைவெட்டி இல்லாதவர்களின் பேச்சு அது. நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது, படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி, அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

போன வருஷம் மரக்காணம் உப்பளத்துக்கு, வால் நட்சத்திரம் பார்க்கிறோம் என்று ஒரு டவுன் கூட்டம் வந்தது. விடிவதற்கு முன்னால் வருவார்கள். வெயிலுக்குப் பயந்து நாங்களும் அந்த நேரத்தில்தான் உப்பு வாரப் போவோம். பீரங்கி மாதிரி ஒரு குழாயை வரப்பில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆகா ஆகா என்பார்கள். அண்ணாந்தால் சும்மா தெரிகிற வானத்துக்கு இத்தனை செலவு. வெள்ளை விளக்கு கண்ணைக் கூசுமாம், ஆளுக்கொரு சிவப்பு டார்ச் வேறு.

அன்றைக்கு என் பாத்தியில் உப்பு நன்றாக விளைந்து, மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றது. விளைந்த பாத்திக்குள் நாங்கள் கால் வைக்க மாட்டோம், வரப்பில் நின்றே பலகையால் இழுப்போம், மிதித்தால் அடிமண் கலங்கி உப்பு கறுத்துவிடும். முந்தின தடவை என் உப்பு அப்படித்தான் கறுத்துப்போனது. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா பாத்திய செல்விக்கு குட்த்துடுவேன்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். செல்வி பக்கத்துப் பாத்திக்காரி.

பாத்தி நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெளிச்சம் கிடந்தது. அந்தக் கூட்டத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், நட்சத்திரம் ஏதாவது தண்ணீரில் தெரிகிறதா என்று மேலே பார்த்தார், அதற்கு நேராக வானம் காலி. கூட வந்த பெண் வரப்பில் அப்படியும் இப்படியும் நடந்து பார்த்தாள்.

"சார், வானத்தோட நிழல்னா நாம நகர்ந்தா அதுவும் நகரணுமே. இது அங்கயே நிக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டார்ச்சைப் பாத்தியில் போட்டுவிட்டுக் கதை அளக்கிறார்கள், எடுக்க இறங்கினால் அத்தனையும் நாசம்.

"யாரும் இறங்காதீங்க. உங்க டார்ச்ச நானே எடுத்துத் தர்றேன்."

"டார்ச்செல்லாம் எங்க கையிலதான் இருக்குது ஆயா" என்றார் பெரியவர்.

காதில் வாங்காமல், எனக்குக் கால் வைக்கத் தெரியும் என்ற நினைப்பில் இறங்கிவிட்டேன். குனிந்து கையை விட்டால் உப்புதான் தட்டுப்பட்டது. வெளிச்சம் இப்போது என் புறங்கைமேல் கிடந்தது. கையை உதறினேன், போகவில்லை.

எப்படித் திரும்பினேன் என்று தெரியாது, வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். வெளிச்சம் இல்லை. வானத்தையே அளக்கிற மேதாவிகள் குழாயை மடக்கிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரில் ஏறி ஓடினார்கள்.

விடிந்ததும் மேஸ்திரி வந்து பாத்தியைப் பார்த்தார்.

"யாரோ உள்ள போன தடம் இருக்குது. திரும்பி வந்த தடம் எங்க?"

வெள்ளை உப்பில் கறுப்புக் கறுப்பாக என் பாதம் நடு வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டிருந்தது. பாத்தி செல்விக்குப் போனது.

அதோடு முடிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். செல்வி இன்றைக்கும் என் வீட்டு வாசலுக்கு வந்து சண்டை போடுகிறாள்.

"ஏன் ஆயா, பாத்திதான் என்கிட்ட வந்துட்ச்சே, அப்புறம் எதுக்கு விடியக்காலைல வந்து நடுவுல குனிஞ்சினு நிக்கிற? கூப்ட்டாலும் திரும்ப மாட்ற."

பாத்தி கைவிட்டுப்போன நாளிலிருந்து நான் உப்பளத்துப் பக்கமே போனதில்லை.