கேட்கத் தெரிந்த சிங்களம்

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது கொழும்பிலிருந்து ஒரு போன் வந்தால், "அக்கா, உவன் என்ன கேக்கிறான்?" என்று என் படலையில்தான் வந்து நிற்பார்கள்.

ஆனால் அது எனக்கு வந்த வழி வேறு. யுத்த காலத்தில் சோதனைச்சாவடியில் கேட்பார்கள்: எங்கே போகிறாய், ஏன் போகிறாய், பையில் என்ன? பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பிறகு பாதை திறந்து, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் கடல் பார்க்க வந்தது. தட்டைவடை சுட்டு விற்றேன். என்ன விலை, உறைக்குமா, பழுதாகாமல் இருக்குமா? அதற்கும் பதில்தான். ரீவி நாடகம் பார்த்து மூக்கைச் சிந்துகிற அளவுக்குச் சிங்களம் வளர்ந்தது. ஆனாலும் அந்தப் பாஷையில் நான் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. போன வருஷம் வரைக்கும் அது எனக்கே தெரியாது.

போன வருஷம் என் மனுசனுக்குக் கொழும்பில் வயிற்றில் ஒப்பிரேசன். கடலுக்குப் போகிற உடம்பு, கெதியில் தேறிவிட்டார் என்று வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தந்தார்கள். ஆனால் அன்று காலையிலிருந்து அவருடைய இடது கால் வீங்கி, தொட்டால் சுட்டது. அந்தக் காலைத் தொங்கவிட்டபடி யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்ஸில் எப்படிப் போவது?

தாதி வந்து, "ஹரித?" என்றாள். சரிதானே என்று அர்த்தம். "ஹரி, மிஸ்" என்று தலையாட்டிவிட்டு உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினேன்.

மனுசனுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். "என்னோடை எண்டால் ஊர் கேக்கக் கத்துவாய். உன்ரை வாய்க்குப் பயந்துதானே நான் கடலுக்கே போறனான். அந்த வாயை எங்கை விட்டிட்டு வந்தனீ?"

சுருக்கென்று தைத்தது. பையைக் கீழே வைத்தேன்.

"இந்தக் காலை யார் பார்த்தது?" என்று சிங்களத்தில் கேட்டேன். தாதி திரும்பினாள். "ஏன் வீங்கியிருக்கிறது? டொக்டருக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படித் துண்டு வெட்டினீர்கள்? வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?" நாக்கு நிற்கவே இல்லை. டொக்டர் வந்து பார்க்கும்வரை அசைய மாட்டேன் என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வார்ட்டே எங்களைப் பார்த்தது. பார்க்கட்டுமே!

டொக்டர் வந்து காலை அமத்திப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்கான் எடுத்ததில் உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. அது நெஞ்சுக்கு ஏறியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்றார். வெட்டிய துண்டைக் கிழித்துப் போட்டார்கள்.

பின்னேரம் அதே தாதி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "அக்கே, நீங்கள் எங்கள் அம்மா மாதிரியே சண்டை பிடிக்கிறீர்கள்" என்றாள். எந்தப் பல்கலைக்கழகம் இப்படி ஒரு பட்டம் தரும்!

மருந்து வேலை செய்து, மனுசன் எழும்பி நடந்தபின் ஊருக்கு பஸ் ஏறினோம். வழியில் சோதனைக்கு மறித்தார்கள். மீசை அரும்பாத ஓர் ஆமிப் பெடியன் ஏறி எங்களிடம் வந்து, "கொஹேத யன்னே?" என்றான். எங்கே போகிறாய். எத்தனை வருஷமாகக் கேட்ட கேள்வி! வீட்டுக்கு என்றேன். வழக்கமாக அத்தோடு வாயை மூடிக்கொள்வேன்.

"நீ எந்த ஊர்?" என்றேன்.

பெடியன் திகைத்துப் போனான். பிறகு சொன்னான். தெற்கே ஒரு கடற்கரை. அப்பாவுக்கு என்ன வேலை? மீன்பிடி. எப்போது வீட்டுக்குப் போவாய்? லீவு தருகிறார்கள் இல்லை, அம்மே. சாப்பிட்டாயா? இன்னும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக நின்று பதில் சொன்னான்.

"விடப்பா உவனை, பஸ் வெளிக்கிடோணும்," என்றார் மனுசன்.

"பொறுங்கோ," என்றேன். "நான் இன்னும் கேட்டு முடிக்கேல்லை."