சத்தம் போடாத மிக்சி

க்ரீம் அடிக்கும் பீட்டர் மெஷினை நான் போட்டதும் கணவர் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார். "பையன் நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தான். கையாலயே அடிச்சுக்க."

பையனுக்கு வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனி வேலை. டிராமிசு வேணும் என்று கேட்டதும் அவன்தான். காபியில் நனைத்த பிஸ்கட் மேல் க்ரீமைக் கெட்டியாக அடித்துப் பரப்ப வேண்டிய இத்தாலி இனிப்பு. நெய்வேலி வெயிலில் கையால் அடித்தால் எங்கே கெட்டியாகும்? மோர் மாதிரி ஓடியது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

அம்மாவுக்கும் இதே வலிதான். அப்பாவுக்கு மைன்ஸில் நைட் ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸில் மிக்சி ஓடாது, ரேடியோ பாடாது. அம்மா பின்பக்கம் உட்கார்ந்து அம்மியில் சட்னி அரைப்பாள். பச்சை மிளகாய் நசுங்கும் காரத்தோடு அவள் கிசுகிசுப்பும் வரும். "மெதுவாடி, அப்பா தூங்குறாரு." கதவைக்கூட நான் இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாத்துவேன். இத்தனைக்கும் விடிய விடிய நிலக்கரி வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷன் அவர்.

சாயங்காலம் எழுந்து வந்த பையனிடம் கிண்ணத்தைத் தள்ளினேன். "இந்தத் தண்ணிதான் உன் டிராமிசு. உன் தூக்கம் கெடக் கூடாதுன்னு கையால அடிச்சேன்."

"பீட்டரைப் போட வேண்டியதுதானேம்மா? படுத்தா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது."

கணவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தீபாவளி வெடிச் சத்தத்திலும் அப்பா குறட்டை விட்டுத் தூங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா ஒரு நாளாவது அந்த மிக்சியைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.