கல்லுளிமங்கன் போன்

கடலூரில் எங்கள் வீட்டில் இரண்டு போன்கள். என்னுடையது ஓட்டைவாய். எடுத்த படம், போன இடம், தேடிய மருந்து எல்லாவற்றையும் எங்கோ இருக்கும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து திரும்ப வாங்கி எனக்கே காட்டும். என் கணவருடையது வேறு கம்பெனி, செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கியது. எதைக் கற்றுக்கொண்டாலும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். "உன் போனு ஊருக்கே தண்டோரா போடும்டி. என்னுது கல்லுளிமங்கன்" என்பார். "வச்சிருக்கிறவரு மாதிரியே" என்பேன்.

அவர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அங்கே போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் கொடுத்துவிட வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குப் போன் கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிடுவார். நான் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். "கேட்ட விட்டு வந்துட்டேன். இன்னா கொழம்பு வச்ச?" அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. எங்களுக்குள் ஒரு நாளின் பேச்சில் பாதி அதுதான்.

போன ஆடியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது கொழுந்தன் அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணி, இதத் தொறக்குற நம்பரு உங்களுக்கும் தெரியாதா? அண்ணன் மூஞ்சிக்கு நேரா ஒருவாட்டி காட்டுனா தொறந்துக்கும். கூட வேல செய்றவங்களுக்குத் தாக்கல் சொல்லணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் பிடுங்கிக்கொண்டேன். "உசுரோட இருக்கும்போது யாருக்கும் காட்டாதவரு. இப்ப மட்டும் காட்டணுமா?" நான் போட்ட சத்தத்தில் வாசலில் பறையே ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மத்தியானம், சார்ஜில் கிடந்த அந்தப் போன் தானாக ஒளிர்ந்தது. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அதன் மேல் ஒரு வரி: 'கலெக்டரம்மாவை அழைக்கவா?' மணி இரண்டு. என் அதட்டலுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

சிதம்பரம் கீழவீதியில் போன் ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டினேன். "தெனம் அந்த நேரத்துக்கு உங்கள கூப்புட்டிருப்பாருக்கா. அது பாத்துப் பாத்துப் பழகிக்கிச்சு" என்றார். திறக்க முடியுமா என்றேன். "நம்பரு இல்லாம முடியாதுக்கா. உங்க போனா இருந்தா, கம்பெனிகிட்ட இருக்கறத கேட்டு வாங்கலாம். இது கத்துக்கிட்டது எதுவும் வெளிய போவாது. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. சார்ஜ் எறங்கி ஆஃப் ஆயிடுச்சுன்னா, மறுபடி நம்பரு போடுற வரைக்கும் இந்த ஒரு வரியையும் காட்டாது."

என் போன் அவ்வப்போது அவர் படங்களை அடுக்கி, பாட்டுப் போட்டு, 'நினைவுகள்' என்று நீட்டும். ஊரில் எல்லோருக்கும் செய்கிற உபசாரம் அது, எரிச்சலாக வரும். அவர் போனுக்கு நானே கூப்பிட்டாலும் கலெக்டரம்மா என்று வரும்தான். ஆனால் அது நான் கூப்பிடுவது. இரண்டு மணிக்கு வருவது அவர் கூப்பிடுவது. அது எனக்கு வேண்டியிருந்தது.

மழைக்காலம் வந்தது. கடலூரில் காற்றுக்கு முன்னாலேயே கரண்ட் போய்விடும். நான் வேலைக்குப் போயிருக்கும்போது போன் அணைந்துவிட்டால்? அன்றிலிருந்து அதையும் கூடவே எடுத்துக்கொண்டேன். கைப்பையில் இரண்டு போன், ஒரு பவர் பேங்க். பஸ் செம்மங்குப்பத்தில் அவர் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது பையை மடியில் இறுக்கிக்கொள்வேன். இரண்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அந்த வரி வந்ததும், "கத்திரிக்கா காரக்கொழம்பு" என்று வாய்விட்டே சொல்வேன். எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒரு மாதிரி பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு நாள் இரண்டு மணிக்கு எதுவும் வரவில்லை. சார்ஜ் நிறைய இருந்தது. மறுநாளும் வரவில்லை. சாப்பாடு இறங்காமல் டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டு, டோக்கன் எண்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் கவுண்டரைப் பூட்டும்போது பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பாய்ந்து எடுத்தேன். 'வீட்டுக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம்' என்றிருந்தது.

அவர் சிதம்பரத்திலிருந்து வீட்டுக்கு வந்தவரே இல்லை. அது என் வழி, என் நேரம். அணையாமல் காப்பாற்றுகிறேன் என்று தினமும் நான் சுமந்து திரிந்ததில், அது என்னைப் பழகிக்கொண்டு அவரை விட்டுவிட்டது. அந்த இரண்டு மணியை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? எந்தக் கம்பெனிக்கும் அது போகவில்லை. உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி நிற்கிற இடத்தில், ஆள் பார்க்க அழுதேன். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டேன். கைக்குள் போன் மறுபடி ஒளிர்ந்து, இப்போது கிளம்பினால் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றது.