நஞ்சம்மாளின் நெற்றி

1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் ஓசூர் வரையிலும் ஓயவில்லை. சூளகிரியைத் தாண்டிய பின்னரே வெயில் தலைகாட்டியது. ஜவளகிரியிலிருந்து நாராயணப்பனும் நானும் கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம்.

அவர் காட்டோரத்தில் கேழ்வரகும் அவரையும் விளைவிக்கும் குடியானவர். நான் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியன். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் மானிடவியல் துறையினர் தை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்து, மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் அளந்து, நிழற்படங்கள் எடுத்துச் சென்றிருந்தனர். அவற்றைக் கிருஷ்ணகிரியில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாகச் செய்தித்தாளில் கண்டு, நாராயணப்பனிடம் சொன்னேன். அன்று படமெடுக்கப்பட்டவர்களுள் அவருடைய மனைவி நஞ்சம்மாளும் ஒருவர். சித்திரையில் அந்த அம்மாள் காய்ச்சலில் இறந்துபோனார். வேறு படம் ஏதும் கிடையாது.

"வாத்தியாரே, ஒருக்கா அந்த மொகத்தப் பாத்துட்டு வந்துர்லாங்க" என்று என்னை அழைத்தவர் அவர்தாம்.

வழியெல்லாம் மனைவியைப் பற்றியே பேசினார். கணவன் பெயரைச் சொல்லலாகாது என்பதில் நஞ்சம்மாள் மிகவும் கண்டிப்பானவராம். பெருமாள் கோயிலில் எல்லாரும் "நாராயணா" என்று கூவும்போது, அவர் மட்டும் "கோவிந்தா" என்பாராம்.

"அதாருடீ அந்தக் கோவிந்தன், எனக்குத் தெரியாமன்னு கேப்பேங்க. வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வருவா!" என்று சொல்லிச் சிரித்தார். மனைவி இறந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடைபெற்றது. வில், மூங்கில் கூடை, தலையை அளக்கும் கருவி ஆகியவற்றை மேசைகளில் வைத்து, படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தனர். நஞ்சம்மாளின் படம் சன்னலருகே இருந்தது. நாராயணப்பன் அதன்முன் அசையாமல் நின்றார். பின்பு மெல்லக் கேட்டார்:

"பொட்டு எங்கீங்க?"

படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. அருகில் நின்ற மாங்காய் வியாபாரி ஒருவர், தம் மனைவிக்காகப் படத்தின் அடியிலிருந்த எழுத்தை உரக்கப் படித்தார்: "காட்டோரப் பெண். வயது முப்பத்தைந்து. கைம்பெண்."

"கைம்பெண்ணுன்னா என்னாங்க?" என்றார் நாராயணப்பன்.

"முண்டச்சிப்பா. புருசன் பூட்டான்னு அர்த்தம்."

"நான் எங்கய்யா பூட்டேன்? இங்கதான நிக்கறேன்!"

"அடப்பாவி, உன்னைப் பொதைச்சே புட்டாங்களே! பாலாச்சும் ஊத்துனாங்களா?" என்றார் வியாபாரி. கூட்டம் சிரித்தது. நாராயணப்பன் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

துறையின் விரிவுரையாளர் விரைந்து வந்தார். எங்கள் ஊரில் குறிப்பெடுத்த இளைஞரையும் அழைத்து விசாரித்தார். அளவெடுக்கப் புள்ளி வைப்பதற்காக, தம்மிடம் வருமுன்பே வேறொருவர் எல்லாருடைய நெற்றியையும் எரிசாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டதாக இளைஞர் கூறினார்.

"புருஷன் பேர் கேட்டேன், சார். தலையை ஆட்டிட்டு 'இல்ல, இல்ல'ன்னாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. கன்னட வீட்டில் பிறந்த நஞ்சம்மாள், அம்மொழி வழக்கப்படி, சொல்ல மாட்டேன் என்னும் பொருளில் 'இல்ல' என்றிருக்கிறார். மறுப்பாகச் சொன்ன சொல்லை இளைஞர் இன்மையாகக் கொண்டுவிட்டார். தாலிக்கயிறு சேலைக்குள் மறைந்திருந்தது. நெற்றியோ வெறுமையாக இருந்தது. ஐயுறுவதற்கு அவருக்குக் காரணம் ஏதுமில்லை.

நான் இதை விளக்கிச் சொன்னேன். நாராயணப்பன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அன்னிக்கி வூட்டுக்கு வந்து அழுதா. பொட்ட அழிச்சுட்டாங்களே, உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு. என்னைய உக்கார வெச்சு சுத்திப் போட்டா. காய்ச்சல்ல கெடக்கறப்ப, உனக்கு வர வேண்டியது எனக்கு வந்துருச்சு, நல்லதாப் போச்சுன்னா. போறப்ப மஞ்சப் பூசி, காசளவு குங்குமம் வெச்சுத்தாங்க தூக்குனோம்."

இளைஞர் தலைகுனிந்து நின்றார். விரிவுரையாளர் அடியிலிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். படத்தையும் சுவரிலிருந்து கழற்றித் தம் மேல்துண்டால் துடைத்து, இரு கைகளாலும் நீட்டினார்.

"தப்பு எங்களுதுதான், ஐயா. இது உங்க வீட்டில் இருக்க வேண்டிய படம். கண்ணாடி மேல நீங்களே ஒரு பொட்டு வெச்சுக்கலாமே. எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

நாராயணப்பன் சட்டத்தைத் தொடவில்லை.

"வேண்டாங்க. கண்ணாடி மேல வெக்கறது செத்தவங்களுக்குங்க. உசுரோட இருந்தவளப் பாக்கத்தான் நான் வந்தேன்."