பட்டியலில் இல்லாத நூம்பல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து ஊர்-பேர்-விலங்கு-பொருள் ஆடுவோம். நானும் மனைவியும் ஒரு பக்கம். மனைவியின் அக்காவும் அவர் கணவரான என் சகலையும் எதிர்ப்பக்கம். நாலு பேர் வயதையும் கூட்டினால் இருநூறைத் தொடும். ஆட்டத்தில் மட்டும் நாலாம் வகுப்பு.

ஒருவர் மனதுக்குள் எழுத்துகளை ஓட்ட, இன்னொருவர் "ஸ்டாப்" என்பார். நின்ற எழுத்தின் வரிசையில் நாலையும் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றையே எழுதியிருந்தால் ஆளுக்கு ஐந்து, வேறு வேறு என்றால் பத்து. சகலை ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அங்கே பக்கத்து வீடு தென்காசி, எதிர் வீடு தர்மபுரி. யார் எந்த ஊரைச் சொன்னாலும் நம்புவதா வேண்டாமா என்று தெரியாததால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஊர்ப் பெயரில் சந்தேகம் வந்தால் "வழி சொல்லு" என்று கேட்கலாம். எழுதிய பக்கம் வழி தெரியாமல் விழித்தால் அவர்களுக்குப் பத்து போச்சு. யாராவது சரியாகச் சொல்லிவிட்டால் கேட்டவர் பக்கம் பத்து போச்சு.

என் பிரச்சினை பதற்றம். "ஸ்டாப்" என்ற சத்தம் கேட்டதும் மண்டைக்குள் கரண்ட் போய்விடும். ஒருமுறை 'ப'வுக்கு விலங்கு என்ற இடத்தில் "பட்டாணி" என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது எதிர்ப்பக்கத்தைவிட நான்தான் அதிகம் அதிர்ந்தேன்.

ஆறு வாரம் தொடர்ந்து தோற்றதும் மனைவி அறிவித்தாள்: "இன்னொரு தபா தோத்தோம், நான் எங்க அக்கா கூட சேந்துக்குவேன். நீங்களும் மாமாவும் ஒண்ணா ஒக்காந்துகினு பட்டாணி மேய்ங்க."

சிரித்தேன். ஆனால் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் என்னை விட்டுப் போவதாக அவள் சொன்னது அதுதான் முதல் முறை, சோபாவின் மறுமுனைக்குத்தான் என்றாலும்.

அடுத்த ஞாயிறு சகலைக்கு வேலை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். இடையில் கிடைத்த நாட்களில் போனில் ஒரு பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஊர், பேர், விலங்கு, பொருள். ஊருக்கு எதிரே போகும் வழியும் உண்டு. சென்ட்ரல் போகும் ரயிலில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

தினமும் எதிர் சீட்டில் வருபவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, எதுனா வேண்டுதலா?"

"பரீட்சை."

"இந்த வயசுலயா? பாஸ் பண்ணா இன்னா கெடைக்கும்?"

"இருக்கறது கையவுட்டுப் போவாது."

மூன்றாம் ஞாயிறு நான் வேறு ஆள். 'க'வுக்குக் கீழப்பாவூர் எழுதினேன். சகலை "வழி சொல்லு" என்றார். "தென்காசி போயி, அங்கருந்து பாவூர்சத்திரம் பஸ்ஸு" என்றேன், பிறந்து வளர்ந்தவன் மாதிரி. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி எழுத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து புள்ளி முன்னே. எழுத்து 'ந'. நரி, நாற்காலி, பேர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஊருக்கு நான் நெய்க்காரப்பட்டி, சகலை நூம்பல். இரண்டுக்கும் பத்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்துவிட்டோம்.

"நூம்பலா? அப்டி ஒரு ஊரே கெடையாது! என் லிஸ்ட்லயே இல்ல! வழி சொல்லுங்க!" என்று கத்தினேன்.

சகலை வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "வேலப்பன்சாவடியில எறங்கினா உள்ள ஷேர் ஆட்டோ போவுது. போன மாசம் எங்க அத்தை ஊட்டு கிரகப்பிரவேசம் அங்கதான நடந்துச்சு? மூணு டம்ளர் பாயசம் குடிச்சீங்க."

பாயசம் நினைவுக்கு வந்தது. பத்து போனது. ஐந்தில் தோற்றோம்.

அதற்குள் சகலை வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "இன்னா லிஸ்ட் சகல?"

போனைக் காட்ட வேண்டியதாயிற்று.

"இது போங்கு ஆட்டம். கைல பேப்பர் வெச்சினு எழுதினா போங்குன்னா, மண்டைக்குள்ள வெச்சினு வந்தாலும் போங்குதான்."

"நீங்க குவார்ட்டர்ஸ்ல ஊர்ப்பட்ட ஊர்க்காரங்களோட இருந்து கத்துக்கினீங்க. நான் ரயில்ல ஒக்காந்து கத்துக்கினேன். இதுல இன்னா போங்கு?"

மனைவியின் அக்கா டம்ளர்களை எடுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "ஜெயிச்சிருந்தா போங்கு. அவருதான் தோத்துட்டாரே, உடு."

மனப்பாடம் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். என் தப்பு, மனப்பாடம் செய்ததை மட்டும் நம்பியது. தென்காசிக்கு நான் போனதே இல்லை. நூம்பலில் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன்.

மனைவி சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த ஞாயிறு அக்காவும் தங்கையும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். நானும் சகலையும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில். முதல் மூன்று எழுத்தும் அவர்களுக்கே போனது. நாலாவது எழுத்துக்கு முன் சகலை என் பக்கம் சாய்ந்தார்.

"சகல, அந்த லிஸ்ட் இன்னும் போன்ல கீதா?"

"போங்குன்னீங்க?"

"அப்ப நான் அந்தாண்ட ஒக்காந்துகினு இருந்தேன். அனுப்பு."

அனுப்பினேன். 'ந'வில் நூம்பலைச் சேர்த்து, வழியும் போட்டு.