ஆற்றங்கரை பேக்கரியில் ஒரு வேலை

2004 கோடையில், பிரெஞ்சு வகுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஆசிரியை எங்களைக் கனடாவின் மொன்றியல் தீவின் மேற்கே ஆற்றங்கரையிலுள்ள ஒரு பழைய கிராமத்துக்குக் கூட்டிப்போனார். கல் வீடுகளையும் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தையும் பார்த்து முடிய மணி இரண்டு. மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நானும் வகுப்புத் தோழியும் தெருவில் நடந்தோம். இருவரும் நகரில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே கட்டடம். இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். வகுப்பில் எனக்கு எப்போதும் தொண்ணூறுக்கு மேல். அவள் அறுபதைத் தாண்டியதில்லை.

ஒரு பேக்கரியின் கண்ணாடிக் கதவில் கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது.

“அக்கா, உதிலை என்ன எழுதிக்கிடக்கு?”

“சமையலறைக்கு ஆள் தேவையாம். உடனை வேணுமாம்.”

“அப்ப வாங்கோ, போய்க் கேப்பம்.”

“பொறும். என்ன கேக்கிறதெண்டு எழுதிப்போட்டுப் போவம்.”

“சோதினைக்கோ போறியள்? நீங்கள் எழுதுங்கோ, நான் உள்ளுக்கை போறன்.” சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் வெளியே நின்று மூன்று வசனம் எழுதினேன். இரண்டாவதை வெட்டி மறுபடி எழுதினேன். உள்ளே அவள் கையால் மா பிசைந்து காட்டுவதும், வயதான கடைக்காரி வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதும் தெரிந்தன. நான் கதவைத் திறந்தபோது கடைக்காரி அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரட்டாம், அக்கா!”

“நல்லது,” என்றேன். தாளை வாசித்துச் சொன்னதே நான்தான்.

பஸ்ஸில் கேட்டாள்: “திங்கள் காலமை முதல் பஸ் எத்தினை மணிக்கு, அக்கா?”

ஐந்து ஐம்பது. காலையில் வரும்போது தரிப்பிடத்தில் பார்த்திருந்தேன். “எனக்குத் தெரியாது,” என்றேன்.

அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், சாரதியோடு அரைகுறைப் பிரெஞ்சில் கதைத்து, அவரையும் சிரிக்கவைத்து, அச்சிட்ட நேர அட்டவணையோடு திரும்பினாள். அதை என் மடியில் வைத்தாள்.

“உந்தச் சின்ன எழுத்து எனக்குப் பிடிபடாது. நீங்கள்தான் பிழையில்லாமல் பாப்பியள்.”

ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் முதல் பஸ் ஏழு மணிக்குத்தான். அதையே வாசித்துச் சொல்லியிருக்கலாம்; முதல் நாளே பிந்தியிருப்பாள். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை என் விரல் அங்கேயே நின்றது.

“ஐஞ்சு ஐம்பது,” என்றேன்.

அந்த வேலையில் அவள் இரண்டு வருடம் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மிஞ்சிய பாணோடு எங்கள் கதவைத் தட்டுவாள். என் பிள்ளைகள் தங்களுக்குள் அடிபட்டுச் சாப்பிடுவார்கள். நான் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை.